வேட்பாளர் வந்த சைக்கிள்

மார்க்கையன்கோட்டை வார்டு வேட்பாளர் சண்முகராஜ், குறுக்கே பார் இல்லாத லேடீஸ் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஓட்டுக் கேட்டார்.

"ரோட்டோரப் புளியமரத்துல ஒண்ணக்கூட வெட்ட விடமாட்டேன். அந்த நெழல்ல பொம்பளப் பிள்ளைகளும் சைக்கிள்ல சின்னமனூர் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்!"

கைக்குழந்தையோடு நின்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒங்க மக வயசுக்கு வந்ததும் படிப்ப நிப்பாட்டுனீகளே, ஏன்? சைக்கிள்ல போனா மானம் போயிரும்னு வீட்டுல பூட்டி வச்சீகளே, அன்னைக்கு இந்தப் புளியமரம் நெழல் தரலையா?"

சண்முகராஜ் பெடலில் காலை வைத்துக் கிளம்பப் பார்த்தார்.

கூட வந்தவர் சீறினார். "ஏம்மா, அவுக வீட்டு விசயம் ஒனக்கெதுக்கு?"

"எனக்கில்லாம வேற யாருக்கு? இவுக ஒக்காந்திருக்கிறது, என் சடங்குக்கு மாமா சீர் வச்ச சைக்கிளு. எறங்குங்க, அப்பா!"