சந்தை நாள் பூட்டு

"பள்ளிக்கூடமா இது, ஜெயிலா?"

ஜீப்பை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினாள் ஜோஸ்லின். காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து வந்திருக்கும் தொண்டு நிறுவன அதிகாரி. சண்டை ஓயாத கிழக்குப் பகுதியில், மசீசி ஊர்ச் சந்தையில் படுத்துத் தூங்கும் அநாதைப் பிள்ளைகளுக்காக அவளுடைய நிறுவனம் நடத்தும் பள்ளிதான் அது.

கதவில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு. உள்ளே ஒரே கூச்சல்.

"டீச்சர், திறங்க! சந்தை கலைஞ்சிடும்! மூட்டை தூக்கப் போகணும்!"

வாசலில் சோளம் உரித்துக்கொண்டிருந்த டீச்சர் மபெந்தோ நிமிரவே இல்லை.

"மத்தியானம் வரைக்கும் திறக்க மாட்டேன் மேடம்."

"பாடம் நடத்தாம வெளியில உக்காந்து சோளம் உரிக்கறீங்க. உள்ளே பிள்ளைங்க கத்தறது காதுல விழலையா?"

"விழுது."

"சாவியைக் குடுங்க!"

"மாட்டேன்."

"அப்போ இன்னியோட உங்க வேலை போச்சு."

"போகட்டும்."

ஜோஸ்லினுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கீழே கிடந்த கல்லை எடுத்துப் பூட்டின் மேல் ஓங்கினாள்.

தெருமுனையில் லாரிச் சத்தம்.

உள்ளே கூச்சல் சட்டென்று அடங்கியது. ஒரு இருமல்கூட இல்லை.

லாரி வந்து நின்றது. கலகப் படைத் துப்பாக்கிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் பொடியன்கள் சிலர், ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிக்கொண்டு. மபெந்தோ அவர்களை முகம் முகமாகப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

"ஏம்மா, இங்க பசங்க படிக்குதாமே?"

"அதெல்லாம் மூடியாச்சு அண்ணே. இப்ப சோளக் கிடங்கு."

அவன் ஜோஸ்லின் பக்கம் திரும்பினான். "நீ யாரு? கையில என்ன கல்லு?"

அவள் லாரியிலிருந்த பொடியன்களைப் பார்த்தாள்.

"சோளம் வாங்க வந்தேன். சாவிக்காரன் வந்த பாடில்ல. அதான், உடைச்சிடலாம்னு..."

"அவசரக்காரி!" சிரித்துக்கொண்டே லாரியைத் தட்டினான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கல் தானாக நழுவி விழுந்தது.

"இதை ஏன் நீங்க முதல்லயே சொல்லல?"

"எங்க மேடம் பேச விட்டீங்க?"

ஜோஸ்லின் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"போன சந்தைக்கும் இப்படித்தான் பூட்டினீங்களா?"

"இல்ல மேடம். அன்னிக்குத் திறந்துதான் இருந்துச்சு. படைக்குன்னு மூணு பேரைப் பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போனாங்க. அதுல ஒருத்தன் நான் பெத்த பிள்ளை."