வல்லாரைப் பக்கம்

செல்லமுத்து வாசிப்பு வட்டத்துக்குக் கட்டவேண்டியது அறுநூற்றிருபது ரூபாய். அவர் பாழாக்கிய மூலிகைப் புத்தகத்தின் விலை அது. அதைக் கட்டினால்தான் அடுத்த புத்தகம். ஞாயிற்றுக்கிழமையென்பதால், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் பிள்ளைகள் இல்லை. அவர்களுடைய குட்டி நாற்காலிகளில் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மழை விட்டும் தகரத்திலிருந்து சொட்டுச் சத்தம் ஓயவில்லை. நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டப் பழகிய ஆசையில், வேலை செய்யும் தேயிலை மலையில் வாசிக்கலாமென்று, களையைக் கருக்கும் புல்லு மருந்துப் போத்தலோடு ஒரே பையில் புத்தகத்தையும் போட்டுக்கொண்டு போனவர் அவர். இப்போது மருந்து கசிந்து பக்கங்கள் மஞ்சளாக ஒட்டிக் கிடக்கின்றன. மடுவம் முழுக்க மருந்து வாடை.

"புல்லுக்கு அடிச்சது பத்தாதுன்னு புத்தகத்துக்கும் அடிச்சிட்டீங்களாண்ணே?" என்கிறாள் கொழுந்தெடுக்கும் பெரியாயி. எல்லோரும் சிரிக்கிறார்கள், அவரும்தான்.

"ஒட்டாத பக்கத்தை வாசிங்க," என்கிறார் வட்டத்தை நடத்தும் துஷாந்தி டீச்சர். செல்லமுத்து வரிக்கு வரி விரலை நகர்த்தி, வல்லாரை ஈரமான ஓடைக்கரையில் படரும் என்று வாசிக்கிறார்.

"நம்ம ஓடைப்பக்கம் இப்ப ஒண்ணையும் காணோமே," என்கிறாள் பெரியாயி.

படத்திலிருக்கும் வட்ட இலையின் மேல் செல்லமுத்துவின் விரல் நின்றுவிடுகிறது. இருபது வருஷமாக அவர் மருந்தடிக்கிற கரை அந்த ஓடைக்கரை.

"இருந்துச்சும்மா. நாந்தான் அடிச்சேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் மடித்து வைத்திருந்த நோட்டுகளை நீட்டுகிறார்.

"வேணாங்க, விடுங்க," என்கிறார் டீச்சர்.

"எடுத்துக்குங்க டீச்சர். இதையாவது கட்டிடுறேன்."

டீச்சர் வாங்கி எண்ணி, கணக்குக் கொப்பியில் அவர் பேருக்கு நேரே இருந்த தொகையைக் கோடிட்டு வெட்டுகிறார்.