சமையல்காரரின் கத்தி

பிரபுவின் முன் சத்தியம் செய்து, வீரப் பட்டமும் அதன் அடையாளமாகக் குதிரையைத் தூண்டக் குதிகாலில் மாட்டும் தங்கக் குதிமுள்ளும் பெற்று எவரார்ட் தேவாலயத்தை விட்டு வெளியே வந்ததும், வழக்கப்படி கோட்டைச் சமையல்காரர் ஓஸ்பெர்ட் வெட்டுக்கத்தியோடு வழிமறித்தார்.

“பிரபு பேச்சைத் தட்டக்கூடாது. விதவையை அழவிடக்கூடாது. சத்தியம் தவறினா, உங்க கால்ல இருக்கிற தங்கக் குதிமுள்ளை நானே வெட்டிடுவேன் ஐயா.”

கூட்டம் சிரித்தது.

மத்தியானமே பிரபு முதல் வேலை கொடுத்தார். “ஆத்தங்கரைக் குடிசையில ஒரு விதவை இருக்கா. வேட்டைக்கு அந்த இடம் வேணும். காலி பண்ணலேன்னா கொளுத்திடு.”

எவரார்ட் நேரே சமையலறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, வெட்டுக்கட்டையில் காலைத் தூக்கி வைத்தான். “எப்படியும் சத்தியம் போச்சு. இப்பவே வெட்டிடுங்க.”

ஓஸ்பெர்ட் கத்தியைத் தொடவில்லை.

“வெட்டினா வேற ஆளை அனுப்புவாரு. நீங்களே போங்க. கிழவிக்குக் காது மந்தம், கதவைத் தட்டினா கேக்காது. உள்ள போய்க் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டு, அப்புறமா தீ வைங்க.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கம்மாதான் ஐயா.”