இடது பெடல்

திருடன் இந்த முறையும் முந்திக்கொண்டான். பெரிய கடைக்காரர் காலையில் போனைத் திறந்தபோது, முந்தின நாள் அவர் சொல்லிப் பதிவு செய்த 'செயின் ஏன் கழல்கிறது' என்ற குறிப்பு தம்பியின் வலைத்தளத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அவருடைய சொந்தத் தளத்தில் அது அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

"நான் சொன்னது என் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் வீட்டுல எப்படிடா போய் உக்காருது?" என்று ஸ்டாண்டில் நின்ற சைக்கிளைப் பார்த்துக் கேட்டார். சைக்கிளுக்கு என்ன தெரியும்?

அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் சைக்கிள் ரிப்பேர் பார்த்தவர்கள். பாகம் பிரிந்ததும் தம்பி தெருமுனையில் சின்னக் கடை போட்டுக்கொண்டான். பேச்சுவார்த்தை அன்றோடு சரி. ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு வலைத்தளம். இரண்டு தளத்தையும் கட்டிக்கொடுத்தவள் பெரியவரின் மருமகள். அங்கேதான் அவருக்கு இடித்தது.

முழங்கால் மடங்க மறுத்ததிலிருந்து அவர் குனிந்து செய்கிற வேலை குறைந்துவிட்டது. போனில் வாயால் சொல்வார், அது எழுத்தாகும், எங்கோ இருக்கிறவன் படித்துவிட்டு 'ஐயா சொன்னா சரியா இருக்கும்' என்பான். மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான். அதையும் தம்பி வழித்துக்கொண்டு போவதா?

சொன்னதை அவர் திரும்பப் படிக்கிற வழக்கமில்லை. தான் சொன்னது தனக்குத் தெரியாதா? தம்பி தளத்திலும் தலைப்பைப் பார்ப்பதோடு சரி. வயிறு எரிய அதுவே போதும்.

அன்று பேப்பர்காரர் பெடல் ஆடுகிறதென்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியவர் பதினாலாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டார். வாய் உட்காரவில்லை.

"இப்ப வர்ற பெடல் எதுக்கும் அளவே சரியில்ல."

"இது பழைய பெடலுங்க ஐயா. நீங்க போட்டதுதான்."

"அப்போ ஸ்பேனர் செஞ்சவன் சரியில்ல" என்று பக்கத்தில் கிடந்த பதினைந்தை எடுத்துப் போட்டார். இடது பெடல். அதற்கு மரை தலைகீழ். வலது பெடலைக் கழற்றுகிற மாதிரி திருப்பினால் இன்னும் இறுகிக்கொள்ளும். சைக்கிளைத் தொட்டவன் எவனுக்கும் தெரிந்த சங்கதி.

ஸ்பேனர் பாதிச் சுற்றில் நின்றது. கிடைத்துவிட்டது பொறி!

பேப்பர்காரர் போனதும் போனை எடுத்து, பெடல் மாற்றுவது எப்படி என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னார். நடுவில் ஒரு பொய்யை நுழைத்தார்: "ரெண்டு பெடலையும் ஒரே பக்கமாத்தான் திருப்பிக் கழட்டணும்." வரிக்கு வரி திருடுகிறவன் இதையும் திருடுவான். தெருவில் நிறுத்தி, நாலு பேர் பார்க்க மானத்தை வாங்கிவிடலாம். கையோடு மருமகளிடமிருந்து தளத்தையும் பிடுங்கிவிடலாம்.

மறுநாள் தம்பி தளத்தைத் திறந்தார். பதிவு வந்திருந்தது. முதல்முறையாக உள்ளே போய் விரல் வைத்துப் படித்தார். 'இடது பெடலை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டும்.'

திருடன் பொறியைத் தாண்டிக் குதித்திருந்தான்.

மருமகள் மடிக்கணினியோடு கடைக்குள் வந்தாள்.

"வாம்மா. உளவு வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"என்ன மாமா காலையிலேயே?"

"என் பதிவை அவனுக்குத் தூக்கிக் குடுக்கிறது நீதானே? மழுப்பாம சொல்லு."

அவள் மழுப்பவில்லை. "நான்தான் மாமா. அதுக்குன்னே தளத்துல ஒரு பிளக்-இன், குட்டி புரோகிராம், எழுதி வச்சிருக்கேன். நீங்க அனுப்பினதும் நேரா சின்ன மாமாகிட்ட போகும். அவர் பாத்து, தன் தளத்துல போட்டு சரின்னாத்தான் உங்க தளத்துக்கு வரும்."

"என் வேலைக்குச் சரி சொல்ல அவன் யாரு?"

"மழைக்காலத்துல பிரேக் பத்திச் சொன்னீங்கல்ல, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மாத்திச் சொல்லிட்டீங்க. அவர் படிச்சுட்டு பதறி ஓடி வந்தாரு. 'இதை நம்பி எவனாச்சும் விழுந்து வச்சா அண்ணன் பேரு போயிரும், அவருக்குத் தெரியாம சரி பண்ணும்மா'ன்னாரு. அன்னிலேர்ந்து இப்படித்தான் ஓடுது."

பெரியவர் கடகடவென்று சிரித்தார். பேப்பர்காரர் எதிர்த்தெருவிலிருந்து திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு.

"அசடே! பெடல் தப்பு நான் வேணும்னே வச்ச பொறி. அதை நிஜம்னு நம்பி உக்காந்து திருத்தியிருக்கான் பாரு, உன் சின்ன மாமா! பிரேக்கு ஏதோ வாய் தவறி வந்திருக்கும். மத்தபடி என்னைத் திருத்தறதுக்கு இன்னொருத்தன் பொறந்து வரணும்."

மருமகள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "சிவப்புல இருக்கிறது நீங்க சொன்னது. பச்சை அவர் மாத்தினது. நீங்களே பாருங்க மாமா."

கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். பெடல் வரி சிவப்பில் இருந்தது, கீழே பச்சை. "பாத்தியா, பாத்தியா!" என்று திரையைத் தட்டினார்.

தட்டிய விரல் கீழே இறங்கியது. அங்கே இன்னொரு சிவப்பு: 'பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.' அதனடியில் பச்சையில் 'பதினைந்து.'

சிரிப்பு நின்றது. ஸ்பேனர் தட்டை ஒருமுறை பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு, மெதுவாகக் கேட்டார்.

"நான் வச்ச தப்பு ஒண்ணுதானேம்மா?"