சித்திரையில் ஹீட்டர்

திருவிழாவுக்கான ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வத்தல்மலை ஏறியது பிக்கப். நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க ஆள் வேண்டுமென்று மனைவி சந்தியாவையும் ஏற்றியிருந்தான் ஜெயபால்.

மத்தியான வெயிலில் ஹீட்டரைத் திருகினான்.

"இன்ஜின் சூட்டை இது இழுத்து உள்ள விட்டுடும். ரெண்டாவது கியர்லயே போனா தண்ணி பம்பும் வேகமா சுத்தும், கியர்பாக்ஸும் கொதிக்காது. வண்டி வாய் திறந்து சொல்லாது சந்தியா, நாமதான் பாத்துக்கணும்."

அப்படியும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. ஓரங்கட்டினான்.

"இன்ஜினை அணைக்கக் கூடாது. ஓடவிட்டே ஆறவைக்கணும். நீ கல்லு வை."

கல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவனுக்கு வேர்த்து ஊற்றியது. முணுமுணுக்காத மனைவியைப் பெருமையாகப் பார்த்தான்.

முள் இறங்கியது. ஹீட்டரை நிறுத்தப் போனான்.

"இருக்கட்டுங்க," என்று அனல்காற்றில் இரு கைகளையும் நீட்டினாள். "குளிர்காய்ச்சல்னு மூணு நாளா சொல்றேன். இப்பத்தான் நடுக்கம் நிக்குது."