சந்திரமதியின் சந்தேகம்

“வரவுக்கு மேல செலவு பண்ணக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே எழுதி, அரசாங்கத்தோட கையைக் கட்டிப் போடணும். வரியையும் இஷ்டத்துக்கு ஏத்தக் கூடாது,” என்றார் சுப்பிரமணியம், முகத்தை மழித்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் மன்றத்தில் நடக்கும் விவாதப் போட்டியில் பேசப் போகிறார். ஒரு வாரமாக வீட்டில் இதே முழக்கம்தான்.

“திடீர்னு வெள்ளம் வந்துட்டா?” என்று கேட்டாள் மனைவி சந்திரமதி.

“சேத்து வெச்சதை எடுப்பாங்க.”

“அதுவும் தீந்துட்டா? கடனும் வாங்கக் கூடாது, வரியும் ஏத்தக் கூடாதுன்னா, தோ பாயோவுல அரசாங்கம் பாதி கட்டின வீடெல்லாம் அப்படியே நிக்குமா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது. சும்மா குழப்பாதே லா.”

குழம்பியது அவள்தான். படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது சுப்பிரமணியம் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்.

“வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்? பாதி கட்டிய வீடுகளை அப்படியே விட்டுவிடுவீர்களா? அரசின் கையைக் கட்டிப் போடுவது அறிவீனம்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. சந்திரமதிக்குத் தலை சுற்றியது.

“இவருக்கு என்ன ஆச்சு?” என்று பக்கத்து நாற்காலி அன்னம்மாவிடம் கேட்டாள்.

“எந்தப் பக்கம் பேசணும்னு மேடையில வெச்சுத்தான் சீட்டு எடுப்பாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. உங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் விழுந்துச்சு.”

முதல் பரிசுக் கோப்பையோடு வீட்டுக்கு நடக்கையில் சந்திரமதி மெல்லக் கேட்டாள்:

“அப்ப நான் கேட்டதெல்லாம் சரிதானா?”

சுப்பிரமணியம் கோப்பையைக் கை மாற்றிக்கொண்டார்.

“இன்னிக்குச் சரி. மத்தச் சீட்டு வந்திருந்தா, தப்பு.”