சனிக்கிழமைக் கப்பல்

தபாலாபீஸ் துரையிடம் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஜெயராஜ்தான் கடிதத்தை அமுக்கி வைத்திருக்கிறான். பக்கிரிசாமிக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

பினாங்கு சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த சங்க அறையில் அவர் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். தபால்காரர் சங்கத்தின் செயலாளர் அவர். தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் மேசையும் அவர் பொறுப்புதான். சனிக்கிழமை, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. துரையின் பதில் மட்டும் வந்தபாடில்லை.

எதிரே தகரப் பெட்டியோடு காஜா மொய்தீன் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷம் இந்த ஊருக்குக் கடிதம் கொடுத்த மனிதர். கதவு எண் இல்லாமல் வந்த ஒரு கடிதத்தை, பாவம் யாரோ காத்திருப்பார்களே என்று பெயரை வைத்து ஊகித்துக் கொடுத்தார். அதே பெயருள்ள வேறொருவர் கைக்கு அது போய்விட்டது. அவ்வளவுதான், பாயின் சீட்டுக் கிழிந்தது.

சங்கம் சும்மா இருக்குமா? பாயைத் திரும்ப எடுக்க வேண்டும், இப்படி இனி ஒருவரையும் நீக்கக் கூடாது என்று இரண்டு கோரிக்கை வைத்தது. துரை சங்கத்தாரை நேரில் பார்க்க மாட்டாராம், பார்த்தால் சங்கத்தை மதித்ததாகிவிடுமாம். எழுதித் தபாலில் போடுங்கள், பதிலும் தபாலில் வரும் என்று சொல்லிவிட்டார்.

பதில் வரும்வரை சட்டப்படிதான் வேலை என்று பக்கிரிசாமி முறுக்கிக்கொண்டார். கதவு எண் இல்லையா, அனுப்பியவருக்கே திருப்பு. பெயரைப் பார்த்தால் தெரிந்த முகம் நினைவுக்கு வரும், மனசு இளகும் என்பதால், இடது கைப் பெருவிரலால் பெயரை மூடிக்கொண்டு எண்ணை மட்டும் பார்க்கும்படி ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, தாமும் அப்படித்தான் செய்தார். சிவப்புப் பென்சிலால் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் திருப்பினார். தபாலாபீசின் பின்கட்டில் திரும்பிய கடித மூட்டைகள் பிரிக்கப்படாமலே குவிந்தன. ஊரே கதிகலங்கிப் போனது. கிராணிகளோடு பேச்சே கிடையாது என்றும் சங்கத்தில் தீர்மானம்.

எல்லாம் சரி, பாய்க்கு என்ன ஆயிற்று? மூன்று மணிக்கு நாகப்பட்டினம் கப்பல். அங்கே மச்சான் கடையில் ஒரு வேலை இருக்கிறதாம். மனைவி சித்தி ஹாஜராவையும் பிள்ளைகளையும் ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாமில் அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். மறுபடி எந்த வருஷம் பார்ப்பாரோ, அவருக்கே தெரியாது.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க பாய். அந்த ஜெயராஜ்தான் கடுதாசியை வச்சுக்கிட்டு ஆட்டம் காட்டுறான்."

"போதும் தம்பி. பதில் வந்திருந்தா உங்க மேசையைத் தாண்டித்தானே வரணும்?"

அதுவும் நியாயம்தான். தம் மேசையைத் தாண்டி ஒரு துண்டுத் தாள்கூட வர முடியாது. அப்படியென்றால் ஜெயராஜ் அதைத் தபாலிலேயே போடவில்லை என்று பக்கிரிசாமி முடிவு கட்டினார்.

ஒரு மணிக்குப் பாய் எழுந்தார். பக்கிரிசாமியே பெட்டியைக் கீழே தூக்கிவந்து ரிக்‌ஷாவில் வைத்தார். என்ன சொல்லி அனுப்புவதென்று தெரியாமல் ரிக்‌ஷாவின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தார். பாய் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். பிறகு ‘தபால்காரர் சங்கம், சூலியா தெரு, பினாங்கு’ என்று தலைப்பு அச்சடித்த தாளை எடுத்து, திங்கட்கிழமை முதல் வேலைநிறுத்தம் என்று துரைக்கு எழுதத் தொடங்கினார். ஆத்திரத்தில் இரண்டு தாள் கிழிந்தது. மூன்றாவது தாளில் பாதி எழுதும்போது துறைமுகத்திலிருந்து கப்பலின் ஊதல் கேட்டது.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடிவந்தார்கள். ஜெயராஜ்தான். சட்டை முழுக்கப் புழுதியும் வியர்வையும். மூச்சு வாங்க ஒரு பழுப்பு உறையை நீட்டினான்.

பக்கிரிசாமி அதைப் பிடுங்கிப் பிரித்தார். காஜா மொய்தீனைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகத் துரை எழுதியிருந்தார். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர் வேலையில் சேர வேண்டும், தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மேலே தேதியைப் பார்த்தார். போன திங்கட்கிழமை.

அவர் ஜெயராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"திங்கக்கிழமை எழுதுனத இன்னிக்கித்தான் கொண்டு வர்றியா? ஒரு குடும்பத்தையே பிரிச்சிட்டியே, பாவி!"

ஜெயராஜ் கையைத் தட்டிவிடவில்லை.

"அன்னிக்கே தபால்ல போட்டாச்சுண்ணே. பன்னெண்டு மணிக்கு ஏன் பாய் வரலன்னு துரை கேட்டாரு. எனக்கும் புரியல. பின்கட்டுல இருந்த மூட்டையெல்லாம் கொட்டித் தேடுனேன், அதுல கெடந்துச்சு. உறையைத் திருப்பிப் பாருங்க."

பக்கிரிசாமி திருப்பினார். சங்கத்தின் தலைப்பில் இருந்த விலாசத்தையே எழுத்து மாறாமல் தட்டச்சு செய்திருந்தார்கள். அதன் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, கீழே ஒரு வரி, ஒரு கையெழுத்து.

ஜெயராஜ் மெல்லச் சொன்னான்:

"கதவு நம்பர் இல்லன்னு எழுதித் திருப்பி அனுப்புனது நீங்கதாண்ணே."